வீடே கதியென்று கிடந்தவர்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் இன்று என் அம்மாயியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அம்மாயி என்போம். அவர் எந்த மேடையும் ஏறியதில்லை, எந்த ஊர்வலத்திலும் நடந்ததில்லை. வீடே கதியென்று கிடந்தவர். இயக்கத்துக்கு வந்த புதிதில் எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

கரிசல் காட்டில் பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வருவார். வந்ததும் உட்காரமாட்டார். சுவரில் எங்கே விரிசல் என்று பார்த்து மண் அப்புவார். வைக்கோல் துணுக்கு போட்டு மிதித்த மண்ணை வளையம் வளையமாக வைத்து, ஒரு வளையம் காய்ந்தபின் அடுத்ததை ஏற்றி, ஆளுயரத்துக்குக் குதிர் செய்வார். அதன் வயிற்றில் விரலால் கோடிழுத்துக் கொடியும் பூவும் போடுவார். பழைய புடவைகளை அடுக்கித் தைத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் படுக்கை. வரகு திரிக்க உட்கார்ந்தால் பாட்டு தானாக வரும். அதில் நாத்தனாரும் வருவார், பண்ணைக்காரரும் வருவார், இந்திரா காந்தியும் வருவார். பண்ணைக்காரர் வீட்டுச் சாவுக்கு நம் பெண்கள் போய் மாரடித்தே ஆகவேண்டும் என்ற காலம் அது. அங்கே பாடியது கட்டாயப் பாட்டு. திரிகையடியில் பாடியது அவருடைய சொந்தப் பாட்டு.

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில், பெண்ணை அடைத்துவைக்கும் இடம் வீடு என்று படித்தேன். அது பொய்யில்லை. அம்மாயியும் தாத்தாவிடம் அடி வாங்கியவர்தான். ஆனால் அந்தப் பாடம் யாருடைய வீட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்ற கேள்வி எனக்குப் பிந்தித்தான் வந்தது. விடியுமுன் அடுத்தவர் தொழுவத்துக்கும் காட்டுக்கும் போயாகவேண்டிய பெண்ணை எவரும் வீட்டில் அடைத்துவைக்கவில்லை. வீட்டில் இருக்கவே விடவில்லை என்பதுதான் அவருடைய வழக்கு.

கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் இதைப் பற்றி 1990இல் வந்த தம் ‘இயர்னிங்’ நூலில் எழுதியிருக்கிறார். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் கறுப்புப் பெண்கள், தம் மக்கள் மனிதராக மதிக்கப்படும் இடமாகத் தம் வீட்டை ஆக்கினார்கள். அதுவும் எதிர்ப்பின் களமே என்கிறார். அந்தக் கட்டுரையை அவர் தொடங்குவதே, வெள்ளையர் பகுதியைத் தாண்டிப் பாட்டி வீட்டுக்குப் பயந்து பயந்து நடந்துபோனதைச் சொல்லித்தான். ஊர்த்தெருவைத் தாண்டிச் சேரிக்கு நடந்த நமக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நம் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீடு நாம் கட்டியது, மனை நம்முடையதல்ல. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை என்றதும் நமக்குப் பஞ்சமி நிலம் நினைவுக்கு வருகிறது. அதில் வீட்டுமனைப் பிரச்சினையும் இருக்கிறது. கூலிக்காரர் குடியிருக்கும் மனை மிராசுதார் கையில் இருந்தவரை, பணிய மறுத்தவரை வெளியேற்றுவது எளிது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ‘தி பறையா ப்ராப்ளம்’ நூல், இந்த மனைக்காக நடந்த இழுபறியை ஆவணங்களோடு காட்டுகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்ததும் உயிருக்குப் பயந்து ஒதுங்கிய ஒரு குடிசைக்குள்தான். குடியிருப்பு அனுபோகதாரரைப் பாதுகாக்க 1961இல் ஒரு சட்டம் வந்தது. அந்த மனையை அவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. நிலப் போராட்டம் என்று பேசும்போது நாம் ஏக்கர்க் கணக்கையே பேசுகிறோம். சென்ட் கணக்கில் நடந்ததைப் போதுமான அளவு எழுதவில்லை.

எங்கள் பகுதி காவிரிப் பாசனம் பாயாத மானாவாரிக் காடு. 1995 வரை திருச்சி மாவட்டம். தஞ்சை அளவுக்குப் பெரிய பண்ணைகள் இங்கே இல்லை என்பார்கள். சின்னப் பண்ணைக்காரருக்கும் வாய் பெரிதுதான். கூலித் தகராறு வந்தால் ‘குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ’ என்பார். அம்மாயி இரண்டு முறை அப்படிப் பிரித்துக்கொண்டு போனவர். மண்குதிர் பிரித்து எடுத்துப்போகிற பொருளல்ல. அப்படியே விட்டுவிட்டு, போன இடத்தில் மறுபடி மண் மிதித்தார். எந்த நாளும் போகச் சொல்லக்கூடிய மனையில் அவர் பூக்கோலம் போட்ட குதிர் நிறுத்தினார் என்பதை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்.

இப்படிப்பட்ட வாழ்க்கை எழுத்தில் ஏறியது அரிது. புதுச்சேரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வீரம்மா இருந்தார். பண்ணைக் கூலி, மருத்துவச்சி, பாட்டுக்காரர். 12 பிள்ளை பெற்று மூன்றைத்தான் மிஞ்சக் கண்டவர். நாட்டார் பாடல்களைத் தேடிவந்த ஜோசியான் ரசினிடம் பத்தாண்டுகளாகத் தன் கதையைச் சொன்னார். அது 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. பிரெஞ்சு நூலின் துணைத்தலைப்பில் ‘அடிமைப்பட்டோரின் சிரிப்பு’ என்றிருக்கிறது. வீரம்மா தமிழில் சிரித்ததை உலகம் பிரெஞ்சில் கேட்டது. அவரைத் தேடியும் ஒருவர் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. பட்டம் வாங்கிய பேத்திகளும் பேரன்களும் நாம் இருக்கிறோம், கையில் கைப்பேசி இருக்கிறது. என் அம்மாயியின் ஒரு பாட்டுகூட என்னிடம் பதிவாக இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

1980களில் காலனியில் மனைப்பட்டா கிடைத்தது. அந்தத் தாளைச் சாக்குப்பையில் சுற்றி, குதிருக்குள் வரகுக்கு நடுவே புதைத்து வைத்திருந்தார். கரையான் அரிக்காது என்பார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அதை எடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். தாத்தாவின் பெயர் மட்டுமே இருந்தது.

“ஒன் பேரு இல்லையே அம்மாயி” என்றேன்.

“அதுக்கென்ன, குதிரு என்னுதுதான சாமி” என்று சொல்லிவிட்டுத் தாளை வாங்கி மறுபடி வரகுக்குள் செருகினார்.