டாக்டர் சிஸ்டர் பிறந்த கதை

மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் "டாக்டர் சிஸ்டர் வந்துட்டாங்களா?" என்று கேட்காத தாய்மார்கள் நம் பக்கத்தில் குறைவு. வலியோடு வந்திருப்பவளுக்கு அந்தப் பெயரே பாதித் தெம்பு. ஆனால் 1936 வரை, ரோமின் தனி அனுமதி இல்லாமல் கத்தோலிக்கத் திருச்சபையில் இப்படி ஒருவர் இருக்கவே முடியாது. கன்னியர் நோயாளியைக் குளிப்பாட்டலாம், புண்ணைக் கட்டலாம், மருந்து ஊட்டலாம். மருத்துவராகத் தொழில் செய்யக் கூடாது. பேறுகாலம் பார்ப்பது அதைவிடப் பெரிய விலக்கு.

தடையின் வேர் பழையது. 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், குருக்கள் அறுவை சிகிச்சை செய்வதை விலக்கியது. 1917-ல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டமும், ரோமின் அனுமதி பெறாமல் குருக்கள் மருத்துவத் தொழில் பார்க்கக் கூடாது என்றது. துறவியருக்கும் அதுவே விதி. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்த பெண் பிரசவ அறையில் நிற்பது தகாது என்ற எண்ணமும் கூடவே இருந்தது. ஐரோப்பாவில் வேறு டாக்டர்கள் இருந்ததால் யாருக்கும் இது பெரிதாக உறைக்கவில்லை. அன்று வட இந்தியாவில் இருந்த ராவல்பிண்டியில் உறைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் பர்தா முறைக்குள் வாழ்ந்த பெண்ணை வேற்று ஆண் பார்க்க முடியாது. டாக்டரானாலும் அப்படித்தான். கணவனோ மாமியாரோ போய் நோயை எடுத்துச் சொல்ல, டாக்டர் தான் பார்க்காத உடம்புக்கு மருந்து எழுதிக் கொடுப்பார். தலைவலிக்கு அது போதும். குழந்தை குறுக்கே கிடந்தால்? ரத்தம் நிற்காமல் போனால்? ஊரில் டாக்டர் இருக்கும்போதே வீட்டுக்குள் தாயும் பிள்ளையும் செத்தார்கள். உள்ளே போகக்கூடிய மருத்துவர் பெண்ணாக இருந்தாக வேண்டும்.

இதைப் பார்த்துப் பதறியவர் அக்னஸ் மெக்லாரன். 1837-ல் பிறந்த ஸ்காட்லாந்துப் பெண்மணி. அந்தக் காலத்தில் அங்கே பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் கிடைக்காது என்பதால் பிரான்சின் மான்ட்பெல்லியே சென்று 1878-ல் டாக்டரானவர். அறுபது வயதை ஒட்டிக் கத்தோலிக்கராக மாறினார். எழுபதைத் தாண்டிய பிறகு கப்பலேறி இந்தியா வந்தார். ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகப் புனித கத்தரீன் ஆஸ்பத்திரி உருவாக வழி செய்தார். அதை நடத்த டாக்டர் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கூலிக்கு வருகிறவர் வருவார், போவார். அங்கேயே வேரூன்றி ஆயுள் முழுக்க நிற்கப்போவது கன்னியர்தான். எனவே அவர்களையே டாக்டராக்குங்கள் என்று மெக்லாரன் ரோமுக்குப் போய்ப் போய் மன்றாடினார். கதவு திறக்கவில்லை. 1913-ல் இறந்துபோனார்.

அவர் கொளுத்திவிட்டுப் போன நெருப்பு இரண்டு பெண்களிடம் பற்றியது. ஒருவர் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் பிறந்த அன்னா டெங்கல். மெக்லாரனுக்குக் கடிதம் எழுதி, அவர் காட்டிய வழியில் அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் படித்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் தொழில் செய்ய அந்தப் பட்டம் செல்லும். மெக்லாரனை அவர் நேரில் பார்த்ததே இல்லை. படிப்பு நடக்கும்போதே உலகப்போர் வந்து, ஆஸ்திரியப் பெண் எதிரி நாட்டுக்காரி ஆனார். எல்லாம் தாண்டி 1919-ல் பட்டம், 1920-ல் ராவல்பிண்டி. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அங்கே ஓயாமல் உழைத்து, உடலும் மனமும் களைத்துத் திரும்பினார். கன்னியர் மடத்தில் சேர அவருக்கு ஆசை. சேர்ந்தால் டாக்டர் தொழிலை விட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பெண்ணிடம் சொன்ன அந்தச் சட்டம் எத்தனை கொடுமையானது!

இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் மேரி குளோரி. மெல்போர்னில் கண், காது மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர். 1915-ல் மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு பிரசுரம் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்த நாளே தன் வழி தெரிந்துவிட்டது என்பது அவர் வாக்கு. போர் முடியும்வரை காத்திருந்தார். அந்த இடைவெளியில் பேறுகாலம், பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் எம்.டி. முடித்தார். 1920 பிப்ரவரியில் அன்றைய சென்னை ராஜதானியின் குண்டூருக்கு வந்து, அங்கே பணி செய்துகொண்டிருந்த டச்சு இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். அவருக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது: திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் கொடுத்த தனி அனுமதி. சிஸ்டர் மேரி ஆஃப் தி சேக்ரட் ஹார்ட் என்ற பெயரில், வார்த்தைப்பாடும் மருத்துவமும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

குண்டூரில் அவர் நாள் எப்படிப் போயிருக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1927 முதல் 1936 வரை அவர் பொறுப்பில் சிகிச்சை பெற்றவர்கள் 6 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். ஆண்டுக்கு 60 ஆயிரத்தைத் தாண்டுகிறது. இருந்ததோ ஒரே டாக்டர். அதிகாலை செபமும் திருப்பலியும் முடிந்தால் அடுத்து ஜனக்கூட்டம்தான். கண் வலி, காய்ச்சல், கழலை, பிள்ளைப்பேறு என்று வருவதையெல்லாம் அவரே பார்க்க வேண்டும். வர முடியாதவர்களைத் தேடிக் கிராமங்களுக்கும் போனார். சீமை மருந்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. உள்ளூர் மூலிகைகளையும் மரியாதையோடு படித்துப் பயன்படுத்தினார். உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்பவர்களாக, செவிலியராக, மருத்துவச்சிகளாகப் பழக்கினார். எனக்கு அவருடைய வேலையில் மிகப் பெரியதாகப் படுவது இதுதான். அவர் அயர்ந்தாலும் அந்தக் கைகள் வேலை செய்யும்.

குளோரிக்குக் கிடைத்தது ஒரு கதவின் சாவி. டெங்கலுக்குக் கதவே வேண்டியிருந்தது. அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராகப் பேசி, மைக்கேல் மாத்திஸ் என்ற குருவின் துணையோடு 1925 செப்டம்பர் 30-ல் வாஷிங்டனில் ஒரு சபையைத் தொடங்கினார். நான்கே பெண்கள்: டெங்கல், ஜோவன்னா லயன்ஸ் என்ற இன்னொரு டாக்டர், எவலின் ஃப்ளீகர், மேரி உல்பிரிக் என்ற இரு நர்சுகள். பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தால்தானே தடை? கொடுக்காமலே துறவியராக வாழ முடிவு செய்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரு பக்தி சங்கம். ஒரே கூரை, ஒரே செபம், ஒரே பொதுப்பணம் என்று வாழ்வு முழுக்கக் கன்னியர் வாழ்வு. ராவல்பிண்டிக்கு இவர்கள் வந்தபோது, நோயாளிகளுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

பத்தாண்டுகள் அப்படியே ஓடின. 1936 பிப்ரவரி 11 அன்று ரோமின் மறைபரப்புப் பேராயம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. மிஷன் நாடுகளில் தாய்மாரையும் குழந்தைகளையும் காக்கக் கன்னியர் மருத்துவமும் செவிலியமும் கற்கட்டும், மகப்பேறும் பார்க்கட்டும் என்றது. தடையாக இருந்தது இப்போது வேண்டுகோளாகவே வந்தது. மெக்லாரன் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ் என்று பெயர்பெற்ற டெங்கலின் சபையினர் வெளிப்படையாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். மறு ஆண்டே மேரி மார்ட்டின் என்ற அயர்லாந்துப் பெண் நைஜீரியாவில் மெடிக்கல் மிஷனரிஸ் ஆஃப் மேரி சபையைத் தொடங்கினார்.

டெங்கலின் சகோதரிகளுடைய அன்றாடத்தை நெருங்கிப் பார்க்க ஒரு காட்சி உண்டு. 1948-ல் லொரெட்டோ மடத்தைவிட்டு வெளியேறிய அன்னை தெரசா, கல்கத்தாத் தெருவில் இறங்குமுன் ஊசி போடவும் கட்டுக் கட்டவும் பிரசவம் பார்க்கவும் பழகப் பாட்னாவில் இவர்களின் திருக்குடும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். தன் சபையினர் சோறும் உப்பும் மட்டுமே சாப்பிடுவார்கள் என்று அவர் சொன்னபோது பாட்னா சிஸ்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காசநோய்க்கும் காலராவுக்கும் நடுவே நாள் முழுக்க உழைக்கிற பெண்ணுக்கு எளிமையான, ஆனால் சத்தான சாப்பாடு வேண்டும், ஓய்வு வேண்டும், மாற்றுத் துணி வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையருகே கற்ற பாடம் அது. தெரசா கேட்டுக்கொண்டார்.

குளோரியின் தலைமையில் 1943-ல் 16 கன்னியர் கூடிக் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் அதில் இருக்கின்றன. இந்தியாவிலேயே ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பதும் குளோரியின் கனவு. டாக்டர் சிஸ்டர்கள் மெல்போர்னிலிருந்தும் கார்க்கிலிருந்தும் வர வேண்டியதில்லை, இங்கேயே உருவாகட்டும் என்று நினைத்தார். 1957-ல் பெங்களூரில் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1963-ல், அதே ஊரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி திறந்தது. அங்கே எம்.பி.பி.எஸ். படிக்கக் கன்னியருக்கென்று தனி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.