பதவி முடிந்தவர்கள் என்ன செய்தார்கள்?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சங்கத்தின் தலைவர் பதவியிலிருந்து இறங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, அவர் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிடுவார். இல்லாவிட்டால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் வந்து, பழைய கணக்குக் கொப்பியைத் திறந்து, புதிய தலைவரைக் கேள்வி கேட்டே களைக்க வைப்பார். கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, பழைய மாணவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, எதை எடுத்தாலும் இதே கதைதான். துணுக்காயில் படிப்பிக்கும் நாம் இதைப் போதுமான அளவு பார்த்திருக்கிறோம்.

அண்மையில் ஆசிரிய நண்பர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது இதே பேச்சு வந்தது. றோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைக் கழகங்களில் முன்னாள் தலைவர்களுக்கென்று தனியான சபைகளே இருக்கின்றனவே, அவை எதற்கு என்று ஒருவர் கேட்டார். "ஹோட்டலில் சாப்பிடத்தான்" என்றார் இன்னொருவர். நாமும் சிரித்தோம். பிறகு வாசித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசானதாக இல்லை. அந்த வரலாற்றின் ஒரு கிளை 1995இல் எமது வன்னிக்குள்ளேயே வந்து போயிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள் உறவுகளே.

றோட்டரி கழகம் தொடங்கியது 1905 பெப்ரவரி 23இல், அமெரிக்காவின் சிக்காகோ நகரில். போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணியும் அவருடைய மூன்று நண்பர்களும் கூடினார்கள். ஒருமுறை ஒருவருடைய அலுவலகத்தில், அடுத்த முறை இன்னொருவருடைய அலுவலகத்தில் என்று கூட்டம் சுழன்றதால் சுழற்சியைக் குறிக்கும் அந்தப் பெயர் வந்தது. கூட்டம் மட்டுமல்ல, பதவியும் சுழலும். கழகத் தலைவர், மாவட்ட ஆளுநர், உலகத் தலைவர் எல்லோருக்கும் ஒரே ஒரு வருடம்தான். யூலை 1இல் ஏறினால் அடுத்த யூன் 30இல் இறங்க வேண்டும். (இங்கே "மாவட்டம்" என்பது எங்கள் கச்சேரி மாவட்டம் அல்ல. இலங்கைக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து 3220 என்ற ஒரே மாவட்டம்.)

இந்த ஒரு வருட விதியில் நன்மையும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. எவரும் கதிரையில் பசை பூசி இருக்க முடியாது என்பது நன்மை. ஆனால் முதல் மூன்று மாதம் பழகுவதற்கும், கடைசி மூன்று மாதம் பிரியாவிடைக்கும் போனால் வேலைக்கு மிஞ்சுவது ஆறு மாதம். ஒரு கிணறு வெட்டலாம், இரத்ததான முகாம் நடத்தலாம். ஒரு நோயை ஒழிக்க முடியாது. அத்தோடு, வருடத்துக்கு ஒரு முன்னாள் தலைவர் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பார். அவர்களை என்ன செய்வது?

போல் ஹரிஸையே எடுத்துக்கொள்வோம். சிக்காகோ கழகத்தின் முதல் தலைவர் அவர் அல்ல, சில்வெஸ்டர் ஷீல் என்ற நிலக்கரி வியாபாரி. 1910இல் கழகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கமானபோது ஹரிஸ் அதற்குத் தலைவராகி 1912இல் இறங்கினார். 1947இல் இறக்கும்வரை 35 வருடங்கள் முன்னாள் தலைவராகவே வாழ்ந்தார். நாடு நாடாகப் போனார், மரம் நட்டார், எழுதினார், ஆனால் அதிகாரம் கேட்கவில்லை.

அடுத்தவர் ஆர்ச் கிளம்ப். 1917இல் பதவிக்காலத்தின் இறுதியில் நடந்த மாநாட்டில், உலகில் நன்மை செய்வதற்கென்று ஒரு நிதியம் வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வருடம் அந்த நிதியத்துக்குக் கிடைத்த முதல் நன்கொடை எவ்வளவு தெரியுமா? 26 டொலர் 50 சதம். கன்சாஸ் சிட்டி கழகம் அனுப்பியது. எங்கள் பாடசாலைக் கட்டட நிதிக்குக் கூட முதல் நாளில் இதைவிடக் கூடுதலாகச் சேரும்! கிளம்ப் விடவில்லை. 1928இல் அது றோட்டரி அறக்கட்டளை என்று பெயர் பெற்றபோதும் தொகை ஐயாயிரம் டொலரை ஒட்டியே நின்றது. அதற்கு நம்பிக்கைப் பொறுப்பாளர் குழு அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்து 1935வரை சுமந்தார். தலைவராக இருந்த ஒரு வருடத்தில் அவர் செய்தது ஒரு பேச்சு. வேலை முழுவதும் அதற்குப் பிறகுதான்.

பின்னாளில் இதற்கு விதியும் எழுதினார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் ஆளுநர்களின் ஆலோசனை சபை ஒன்று இருக்கும். அது கூடலாம், ஆலோசனை சொல்லலாம். பதவியில் இருப்பவரின் அதிகாரத்தை அது ஒரு சிறிதும் குறைக்கக்கூடாது. வாய் உண்டு, கை இல்லை. எங்கள் சங்க யாப்புகளில் இப்படி ஒரு வரியைச் சேர்த்தால் பாதிச் சண்டை குறையும் என்பது எமது அபிப்பிராயம்.

இதைவிட வெளிப்படையான ஒரு வடிவம் இங்கிலாந்தில் உருவானது. நோர்விச் நகரில் லூயிஸ் மார்க்கேசி என்ற இளைஞர் உணவுத் தொழில் நடத்தி வந்தார். றோட்டரியில் அவர் உறுப்பினர், ஆனால் சுற்றிவர இருந்தவர்கள் எல்லாம் மூத்தவர்கள். இளையவர்களுக்கென்று 1927 மார்ச்சில் "வட்டமேசை" என்ற கழகத்தைத் தொடங்கினார். அப்போதைய விதிப்படி 40 வயது முடிந்தால் வெளியே போக வேண்டும், எவ்வளவு திறமைசாலி என்றாலும். அப்படி வெளியேறியவர்கள் 1936இல் லிவர்பூலில் தங்களுக்கென்று ஒரு கழகம் வைத்தார்கள். 40 முடிந்தவர்கள் என்பதால் அதன் பெயர் "41 கழகம்". இன்று சென்னை, கோயம்புத்தூர் வரை அப்படியான கழகங்கள் இருக்கின்றன. நட்பைத் தொடர்வதே நோக்கம் என்று அவர்களே சொல்வார்கள். இளையவர்கள் பாடசாலைகளுக்கு வகுப்பறை கட்டினால் பழையவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். எம் நண்பர் சொன்ன "ஹோட்டல் சாப்பாடு" இந்த வகைக்குக் கொஞ்சம் பொருந்தும். அதிலும் தப்பில்லை.

இனி போலியோவுக்கு வருவோம். எங்கள் வயதானவர்கள் இளம்பிள்ளைவாதம் என்று சொல்லும் அதே நோய்.

1978-79இல் றோட்டரியின் உலகத் தலைவராக இருந்தவர் அவுஸ்திரேலியக் கணக்காளர் கிளெம் ரெனூஃப். பெரியம்மை உலகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு நோயை நாமும் எடுத்தால் என்ன என்று மருத்துவ விஞ்ஞானி ஜோன் செவரிடம் கேட்டார். செவர் போலியோ என்றார். பிலிப்பைன்ஸில் 60 இலட்சம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டம் 1979 செப்டெம்பரில் தொடங்கியபோது ரெனூஃப் ஏற்கெனவே முன்னாள் தலைவர். தொடக்கி வைத்தவர் அவருக்கு அடுத்து வந்தவர். 1985இல் அது உலகத் திட்டமானது. 12 கோடி டொலர் இலக்கு வைத்து, 1988இல் 24 கோடிக்கு மேல் சேர்த்தார்கள். அதே 1988இல் உலக சுகாதார சபை போலியோவை ஒழிப்பதெனத் தீர்மானித்தது. அப்போது வருடத்துக்கு சுமார் 3,50,000 பிள்ளைகள் முடமாகிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையில் இந்தப் பொறுப்பு விழுந்தது கே.ஆர். ரவீந்திரன் என்பவர் மேல். கொழும்பில் அச்சுத்தொழில் நடத்தியவர், 1990களின் தொடக்கத்தில் மாவட்ட ஆளுநராக இருந்து முடித்தவர். அவருக்கு இது கடதாசித் திட்டம் அல்ல. அவர் சிறுவனாக இருந்தபோது தாயாருக்கே போலியோ வந்தது. பாட்டனாரின் றோட்டரி நண்பர்கள் ஓடித்திரிந்து சுவாசக் கருவி எடுத்துக் கொடுத்ததால் அவர் உயிர் தப்பினார் என்று ரவீந்திரனே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். அப்படியென்றால் 1995இல் எதற்கு நாடு முழுவதும் சொட்டு மருந்து என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள், நல்ல கேள்வி. இந்த வைரசு தொற்றிய இருநூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் கை கால் இழுக்கும். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் பரப்பிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து இந்தியாவில் அப்போது நோய் நிறைய இருந்தது. ஆகவே ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்னர் போட்டார்களா இல்லையா என்று பாராமல், ஒரே நாளில் கொடுக்க வேண்டும். ஒரு மூலையை விட்டாலும் பிரயோசனம் இல்லை. அந்த மூலைதான் வடக்கு கிழக்கு.

1995ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் தொடங்கிய யுத்த நிறுத்தம் ஏப்ரலில் முறிந்தது. ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. அடுத்த வருடம் கிளிநொச்சியும் போக, மல்லாவியும் துணுக்காயும் இடம்பெயர்ந்தவர்களால் நிரம்பின. மரங்களுக்குக் கீழே வகுப்பு நடந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை.

சொட்டு மருந்தோ வெயில் தாங்காது. கொழும்பில் புறப்பட்டதிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகும்வரை குளிரிலேயே இருக்க வேண்டும். ஒரு இடத்தில் ஐஸ் உருகினால் அதற்குப் பிறகு கொடுப்பது வெறும் தண்ணீர். மருந்து கெட்டுவிட்டதா என்று காட்டும் சிறிய அடையாளம் குப்பிகளில் வரத் தொடங்கியதே 1996இல்தான். சோதனைச் சாவடியில் ஒரு வாகனம் அரை நாள் நின்றால் என்ன ஆகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஷெல் விழுந்தால் எந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வருவாள்?

எனவே துவக்குகள் நிற்க வேண்டும். இதற்கு முன்மாதிரி இருந்தது. 1985இல் எல் சல்வடோரில் உள்நாட்டுப் போருக்கு நடுவே யுனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் பேசி, தடுப்பூசிக்காகச் சண்டையை நாள் குறித்து நிறுத்தினார்கள். "அமைதி நாட்கள்" என்று பெயர். இங்கே அரசாங்கம், யுனிசெப், றோட்டரி மூன்றும் சேர்ந்த செயலணிக்கு ரவீந்திரன் தலைமை தாங்கினார். யுனிசெப் ஊடாகப் பேச்சு நடந்தது. சந்திரிகா அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் தேசிய நோய்த்தடுப்பு நாட்களில் தாக்குவதில்லை என்று ஒத்துக்கொண்டன. அடுத்தடுத்த வருடங்களிலும் அது தொடர்ந்தது.

ஏன் ஒரு முன்னாள்? எமக்குத் தோன்றும் காரணம் எளிது. பதவியில் இருக்கும் ஆளுநருக்கு யூன் 30 என்ற திகதி தலைக்கு மேல் தொங்கும். கொழும்பு அமைச்சிலும் யுனிசெப்பிலும் அறிமுகம் உண்டாக்கவே ஒரு வருடம் போதாது. பதவி முடிந்தவருக்கு அந்த அவசரம் இல்லை. அவருக்கு அடுத்த தேர்தலும் இல்லை. பழைய பழக்கம் மட்டும் இருக்கிறது, ஒரு தொலைபேசி எடுத்தால் மறுபக்கத்தில் எடுப்பார்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். றோட்டரிச் சஞ்சிகைகள் இந்தக் கதையைச் சொல்லும்போது ஏதோ அவர்களே போரை நிறுத்தியது போல ஒரு தொனி வரும். அது முழு நியாயம் அல்ல. பேச்சின் பாரத்தைச் சுமந்தது யுனிசெப். மருந்தைச் சுமந்தது குடும்பநல மாதர்களும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் சைக்கிள் கரியரில் ஐஸ் பெட்டி கட்டிய தொண்டர்களும். முன்னாள் தலைவர்கள் கதவைத் தட்டினார்கள், உள்ளே போய் வேலை செய்தவர்கள் வேறு ஆட்கள். அந்த ஆட்களுக்கு எந்தச் சபையும் இல்லை, பெயருக்கு முன்னால் போடப் பட்டமும் இல்லை. அந்த நாட்கள் முடிந்ததும் சண்டை மீண்டும் தொடங்கியது என்பதையும் மறக்கக்கூடாது.

எமக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகள் நாம். 1995இல் எம் வயதினர் ஐந்து வயதுக்குள் இருந்தவர்கள், புத்தளத்து ஓலைக் கொட்டில்களில். மல்லாவியில் மரத்தின் கீழ் தமிழ்த் தாய் மடியில் இருந்த பிள்ளைக்கும் புத்தளத்து முகாம் பிள்ளைக்கும் அந்தத் திட்டத்தில் வேறு வேறு மருந்து இருக்கவில்லை. இன்று அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே ஆசிரியர் அறையில் இருந்து கொப்பி திருத்துகிறார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு உடைந்த பாடசாலைகளைக் கட்டும் றோட்டரித் திட்டத்துக்கும் அதே ரவீந்திரன்தான் பொறுப்பு, இருபதுக்கும் மேற்பட்ட பாடசாலைகள் எழுந்தன. 2015-16இல் அவர் றோட்டரியின் உலகத் தலைவரானார், இலங்கையிலிருந்து முதலாவது ஆள். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27இல் எமது தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றது என்று சான்றிதழ் கிடைத்தது.

இப்போது ஒரு வேண்டுகோள். துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம், மாந்தை கிழக்குப் பக்கம் 1995 முதல் 2000 வரை அந்தச் சொட்டு மருந்து நாட்களில் வேலை செய்தவர்கள் இன்னும் எம் நடுவே இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற குடும்பநல மாதர், வைத்தியசாலைச் சாரதிகள், நிலையமாகப் பாடசாலையைத் திறந்து கொடுத்த அதிபர்கள். புத்தளம் முகாம்களில் வேலை செய்தவர்களும் அப்படியே. அவர்களைத் தெரிந்தவர்கள் எமக்கு உட்பெட்டியில் அறிவியுங்கள். ஐஸ் எங்கிருந்து வந்தது, எந்தப் பாதையால் பெட்டி போனது, அன்று எத்தனை மணிவரை பிள்ளைகள் வந்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். பெயர் போட விருப்பமில்லாதவர்களின் பெயரைப் போட மாட்டோம். தரம் 10 பிள்ளைகள் நாலு பேர் கொப்பியோடு தயாராக இருக்கிறார்கள், சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வருவார்கள்.