தரையில் எழுதிய வரலாறு



வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை என்று வகுப்பில் வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயல்நாட்டார் குறிப்பு என்று நீங்கள் வரிசையாக விடை கூறுவீர்கள். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே கற்பித்து வந்தேன். அந்த வரிசையில் நான் சேர்க்கத் தவறிய ஒரு சான்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அது மன்னர் எவரும் வெட்டுவித்தது அன்று. ஊர் மக்கள் ஓய்வு வேளையில் கூடியமர்ந்து தரையில் கீறிய கட்டமும், தோண்டிய குழியுமே அச்சான்று.

புறநானூற்றில் ஐம்பத்திரண்டாம் பாட்டு, பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை மருதன் இளநாகனார் பாடியது. பகைவரின் நாடு எவ்வாறு பாழாகும் என்பதைப் புலவர் அதில் ஒரு காட்சியால் காட்டுகின்றார். ஊர்ப் பொதுவிடமாகிய பொதியிலை விட்டுத் தெய்வமும் நீங்கியது, பலியிடுவாரும் இல்லை. முன்னொரு காலத்தில் நரைத்த முதியவர்கள் அங்கே அமர்ந்து வல் என்னும் ஆட்டத்தை ஆடினர். அவர்கள் காய்களை வைத்து வைத்து அவ்விடம் குழிந்து போயிருந்தது. இப்பொழுது அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. கோட்டை இடிந்தது என்றோ, யானைப்படை அழிந்தது என்றோ அவர் கூறியிருக்கலாம். ஆயினும் ஓர் ஊர் ஊராக இருந்ததற்கு அடையாளம் கிழவர்கள் ஆடிய குழி. அது பாழானதற்கு அடையாளம் அக்குழியில் கிடக்கும் முட்டை. இதனையே அப்புலவர் தெரிந்தெடுத்தார். இதை ஊன்றி நினைவிற் கொள்ளுங்கள்.

வல் என்னும் சொல் இலக்கணத்திலும் இடம்பெற்றிருக்கின்றது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் புள்ளி மயங்கியலில், அச்சொல்லோடு நாய், பலகை என்னும் சொற்கள் புணரும் முறை கூறப்படுகின்றது. உரையாசிரியர்கள் வல்லநாய், வல்லப்பலகை என்று எடுத்துக்காட்டுத் தருவர். இங்கு நாய் என்பது காவல் காக்கும் நாய் அன்று, ஆட்டக்காயின் பெயர். பண்டைக் கிரேக்கரும் தம் பலகை ஆட்டம் ஒன்றின் காய்களை நாய் என்றே அழைத்தனர் என்பது சுவையான ஒற்றுமை. இலக்கணம் விதி வகுக்க வேண்டிய அளவிற்கு அச்சொல் மக்கள் நாவில் பயின்றிருந்தது என்பது நமக்குக் கிடைக்கும் வரலாற்றுச் செய்தியாகும்.

திருவள்ளுவரையும் கேட்போம். சூது என்னும் அதிகாரத்தில் பத்துக் குறட்பாக்களால் சூதாட்டத்தைக் கண்டிக்கின்றார் அவர். ஆனால் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசுவது, கட்டம் வகுக்காமல் வட்டாடுவது போன்றது என்கின்றார். வள்ளுவர் வெறுத்தது பொருள் வைத்து ஆடும் பேராசையை. முறையாகக் கட்டம் வகுத்து ஆடுவதையோ, கற்ற கல்விக்கே உவமையாக்கினார். கட்டம் என்பது எல்லை. ஆடுவோர் இருவரும் ஒப்புக்கொண்ட ஒழுங்கு. அவ்வொழுங்கு இல்லாமல் ஆட்டமும் இல்லை, அவையும் இல்லை.

இலக்கியம் கூறுவதை மண்ணும் கூறுகின்றது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியது. அங்கே பானை ஓடுகளோடும் மணிகளோடும் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. உழைத்துப் பொருள் ஈட்டிய அம்மக்கள் அமர்ந்து விளையாடவும் நேரம் வைத்திருந்தனர்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறுவேன். நம் பழைய கோயில்களின் மண்டபத் தளங்களில் ஆட்டக் கட்டங்கள் கீறப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். கோயில் சோழர் காலத்தது. ஆகவே கட்டமும் சோழர் காலத்தது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கல்லின் காலம் வேறு. கோட்டின் காலம் வேறு. கல்லை அடுக்கிய தச்சரும் கீறியிருக்கலாம். சென்ற நூற்றாண்டில் திருவிழாவிற்கு வந்து மழைக்கு ஒதுங்கியவரும் கீறியிருக்கலாம். எழுத்தாயின் அதன் வடிவைக் கொண்டு காலம் கணிக்கலாம். வெறுங்கோட்டிற்கு அவ்வழி இல்லை. யார் ஆடினார், எவ்வாறு ஆடினார் என்பதைக் கூற மனிதரின் நினைவு ஒன்றே துணை.

அந்நினைவில் எஞ்சிய மூன்று ஆட்டங்களைப் பார்ப்போம். முதலாவது ஆடுபுலி ஆட்டம். உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் இறங்கும். மூன்று கோடுகள் அவற்றைக் குறுக்கே கடந்து இருபுறமும் நீளும். அடியில் ஒரு கோடு நிற்கும். ஆகப் புள்ளிகள் 23. ஒருவருக்குப் புலி மூன்று. மற்றவருக்கு ஆடு 15. அடுத்துள்ள ஆட்டை நேர்க்கோட்டில் தாண்ட இடமிருந்தால் புலி அதை வெட்டும். ஆடு ஒருபோதும் புலியை வெட்டாது. சூழ்ந்து நின்று நகரவிடாமல் அடைக்கும். வலிமை ஒரு பக்கம், எண்ணிக்கை மறு பக்கம். பின்னால் மற்றோர் ஆடு துணை நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது என்பதே ஆட்டத்தின் உயிர்நிலை.

கோபிசெட்டிபாளையத்து வயல்வெளியில் நின்று வடக்கே நோக்கினால் மலைத்தொடர் தெரியும். அம்மலைக் காடுகளில் ஒரு பகுதியே 2013ஆம் ஆண்டில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த கொங்கு மக்களுக்குப் புலி என்பது கதையில் வரும் விலங்கு அன்று. அதே வேளையில் இவ்வாட்டம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. கன்னடத்தாரும் தெலுங்கரும் இதனை ஆடுகின்றனர். நேபாளத்தில் நான்கு புலியும் 20 ஆடும் கொண்ட பாக்சால் வழங்குகின்றது. ஐரோப்பாவில் புலியின் இடத்தில் நரியும், ஆட்டின் இடத்தில் வாத்தும் வந்து நிற்கின்றன.

இரண்டாவது தாயம். அதன் உறவினமாகிய பச்சீசி என்னும் வடநாட்டு ஆட்டமே இங்கிலாந்து சென்று, 1896ஆம் ஆண்டில் லூடோ என்ற பெயரில் காப்புரிமை பெற்று, நம் கடைகளுக்கே திரும்பி வந்தது. தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிற்கும் நான்கு முகங்கள், அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும், ஒரு முகம் வெறுமையும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்று கொள்வர். கணக்கில் ஆர்வமுடைய மாணவர் தாளும் கோலும் எடுத்துக்கொள்ளட்டும். கட்டைகள் விழக்கூடிய வகைகள் மொத்தம் 16. அவற்றுள் மூன்று விழ நான்கு வகை. இரண்டு விழ மூன்று. நான்கு விழ மூன்று. ஒன்றாகிய தாயத்திற்கு இரண்டு வகை, ஐந்திற்கு இரண்டு, ஆறுக்கும் 12க்கும் ஒவ்வொரு வகையே. எவை விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பெரும்பாலான ஊர்களின் விதி? ஒன்று, ஐந்து, ஆறு, 12. அதாவது அரிதாக விழும் நான்கிற்கு மட்டுமே மறு ஆட்டம்! திண்ணையில் அமர்ந்து உருட்டியவர்கள் நிகழ்தகவு என்னும் சொல்லை அறியார். ஆயினும் எது அரிது, எது எளிது என்பதைக் கை அறிந்திருந்தது.

மூன்றாவது பல்லாங்குழி. வரிசைக்கு ஏழாக 14 குழிகள். புளியங்கொட்டை அல்லது சோழி. இக்குழி ஆட்டத்தின் குடும்பம் மிகப் பெரியது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுதும் பல பெயர்களில் வழங்குகின்றது. மலாய் நாட்டில் சொங்கா என்பர். இலங்கையில் சிங்களர் குன்றிமணி கொண்டு ஆடி ஒலிந்த கெலிய என்பர். கடல் கடந்து இதனைக் கொண்டு சேர்த்தவர் எவரும் தம் பெயரைப் பொறித்து வைக்கவில்லை. என் அம்மாயி எழுதப் படிக்க அறியாதவர். குழியிலிருந்து ஒரே வீச்சில் அள்ளிய கொட்டைகளைப் பாராமலேயே எத்தனை என்று கூறுவார். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், “எண்ணாதே சாமி, கைக்கே தெரியோணும்” என்பார்.

பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறைத்தலும் ஆகாது. அக்காலத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. சாதி பார்த்தே பலகை விரிந்தது. ஆண்கள் வெளித்திண்ணையிலும் பெண்கள் உள்வீட்டிலுமாக ஆட்டமும் பிரிந்து கிடந்தது. கூடி ஆடினர் என்று நாம் பெருமை கொள்ளும்போது, கூட விடப்படாதவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாட்டங்களோடு சதுரங்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் இந்நாட்டில் பிறந்ததே. பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பா சென்று, எழுதப்பட்ட விதிகளையும் சங்கங்களையும் பெற்றது. நம் சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1988ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில், 18 வயதுடைய சென்னை இளைஞர் குகேசு உலகப் பட்டம் வென்றார். அவ்வாட்டத்திற்கு நூல் உண்டு. ஆகவே ஓர் ஊர் மறந்தாலும் அது பிழைக்கும். தாயத்திற்கும் ஆடுபுலிக்கும் நெடுங்காலம் மனிதரே நூல். அருகருகே அமரும் இருவர் இல்லையெனில் அவ்வூர் விதி அங்கேயே முடிந்துவிடும்.

இதனை நான் கற்றுக்கொண்டது ஒரு பிழையினால். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பவானி வாய்க்கால் ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். பள்ளித் தாழ்வாரத்தின் தளம் பழைய கருங்கற் பலகைகளால் ஆனது. மேடும் பள்ளமுமாக மழைநீர் தேங்கும். பணம் ஒதுக்கப்பட்டதும் மகிழ்ந்து, சிமெண்டுத் தளம் போடச் செய்தேன். அக்கற்களில் இரண்டு புலிக்கட்டங்களும் ஒரு குழி வரிசையும் இருந்ததை நாள்தோறும் மிதித்து நடந்தவன் நான். மதிய உணவு வேளையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அவற்றைச் சுற்றி அமர்வதையும் கண்டிருக்கின்றேன். திண்ணையில் அவர்களின் பாட்டன்மார் ஒன்றாக அமர்ந்திருக்க மாட்டார்கள்.

வேலை முடிந்த வாரம், மாணவன் ஒருவனின் பாட்டனார் வந்தார். தளத்தைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, “ஏனுங்க வாத்தியாரே, இங்கே ஒரு புலிக்கட்டம் இருந்ததுங்களே?” என்றார்.

“ஆமாங்க, பூசியாச்சுங்க” என்றேன்.

“எங்கப்பன் படிக்கிற காலத்திலே ஆணி கொண்டு கிழிச்சதுங்க” என்றார். வேறொன்றும் கூறாமல் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோட்டிற்குக் காலம் கூற வழியில்லை என்று சற்று முன் கூறினேன் அல்லவா? அந்த ஒரு கோட்டிற்குக் காலமும் இருந்தது. கீறியவரின் பெயரும் இருந்தது. அதைக் கூறும் நினைவும் எதிரே வந்து நின்றது. கோடுதான் இல்லை. கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போல, ஒரு தாளை விரித்துக் கரித்துண்டால் தேய்த்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். வகுப்பறையில் சான்றுகளைப் போற்றுக என்று கற்பித்த ஆசிரியன், வாயிற்படிக்கு வெளியே ஒரு சான்றை மூடினேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் பாட்டனாரோடும் பாட்டியாரோடும் அமர்ந்து ஒருமுறை ஆடுங்கள். முதலில் தோற்றுப் போவீர்கள், அதனால் குற்றமில்லை. பின்பு ஒரு குறிப்பேட்டில் கட்டத்தை வரைந்து, காய் எத்தனை, எது விழுந்தால் மறு ஆட்டம், வெட்டுப்பட்ட காய் எவ்வாறு மீளும் என்று எழுதுங்கள். யார் கற்பித்தார், அவருக்கு யார் கற்பித்தார், எந்த ஊர் என்பதையும், அன்றைய நாளையும் மறவாமல் குறியுங்கள். அக்குறிப்பேடு நாளைய வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகும்.

முதியவர்கள் காய் வைத்துக் குழிந்த இடம் இன்னும் சில ஊர்களில் எஞ்சியிருக்கின்றது. காட்டுக்கோழிக்கு முன் நீங்கள் அங்கே சென்று அமருங்கள்.