திணைவழிச் சூழலியல் வாசிப்பு

சங்கப் பாடல்களில் வரும் நிலம், பருவம், மரம், விலங்கு, தொழில் ஆகியவற்றை மனித உணர்வுக்கு இட்ட அலங்காரமாகக் கொள்ளாமல், அவ்வுணர்வோடு பிரிக்க முடியாதவையாகப் படிக்கும் திறனாய்வு முறை.

இதன் அடித்தளம் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் திணை, அதாவது நிலம், பொழுது, உணர்வு ஆகியவற்றை இணைக்கும் பாடல் வகைப்பாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். இடையிலுள்ள கருப்பொருள் வரிசைதான் உற்று நோக்கத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் அங்கே ஒன்றாக நிற்கின்றன. மனிதரின் இசையையும் வழிபாட்டையும் மரத்திலிருந்தும் பறவையிலிருந்தும் இவ்விலக்கணம் பிரித்து வைக்கவில்லை. ஆகவே கருப்பொருளை வெறும் 'பின்னணி' என்று வகுப்பறையில் சொல்லிக் கடந்துபோவது பாடலையே குறைத்துப் படிப்பதாகும்.

திணைகளுள் பாலை இன்னும் ஆழமானது. தொல்காப்பியம் அதற்குத் தனி நிலம் வகுக்கவில்லை. காட்டு நிலமான முல்லையும் மலை நிலமான குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டுப் பாலையாவதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. நிலம் சீர்கெடக்கூடியது என்ற அறிவு தமிழ்க் கவிதைக்குள் அன்றே இருந்திருக்கிறது.

இயற்கைக் காட்சிவழி மறைபொருள் உணர்த்தும் உள்ளுறை, இறைச்சி ஆகிய உத்திகளை விளக்கிய உரையாசிரியர்கள் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இவ்வாசிப்பின் முன்னோடிகள். இருபதாம் நூற்றாண்டில் மு. வரதராசன் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். பி.எல். சாமி பாடல்களின் செடிகொடிகளையும் பறவைகளையும் அறிவியல் நோக்கில் அடையாளம் காட்டினார். தனிநாயகம் அடிகளின் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' 1966-லும் ஏ.கே. ராமானுஜனின் மொழிபெயர்ப்புத் தொகுப்பான 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 1967-லும் வெளிவந்து, திணையைப் பிறமொழி வாசகரிடம் கொண்டு சென்றன.

அமெரிக்காவில் வில்லியம் ரூக்கர்ட் 1978-இல் 'ஈகோகிரிட்டிசிசம்' (சூழலியல் திறனாய்வு) என்ற பெயரை முன்வைத்தார். 1990-களில் அது தனித்துறையாக வளர்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய நிர்மல் செல்வமணி அதைத் திணைக் கோட்பாட்டோடு இணைத்தார். மனிதர், இயற்கை, தெய்வம் மூன்றும் ஒரே இல்லத்தின் உறவுகள் என்பது அவர் பார்வை. அவரும் பிறரும் தொகுத்த 'எஸ்ஸேஸ் இன் ஈகோகிரிட்டிசிசம்' 2007-இல் வெளியானது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. திணை ஒரு கவிதை மரபு. அதை அப்படியே பழந்தமிழகத்தின் நிலவியல் பதிவாகவோ, இன்றைய சூழல் பாதுகாப்பு அறிக்கையாகவோ படிப்பது பிழை. உரை மரபும் தாவர அறிவும் சேர்ந்தால்தான் இவ்வாசிப்பு நிற்கும். தமிழ்த் துறைகள் இரண்டையும் ஒருங்கே கற்பிக்க வேண்டும்.