அந்தமான் நரமாமிசக் கதையும் உண்மையின் பிடிவாதமும்

உண்மைகள் பிடிவாதமானவை, நம் விருப்பத்துக்கு வளையமாட்டா என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு தொடர் உண்டு. ஜான் ஆடம்ஸ் சொன்னது என்றே பலரும் எழுதுகின்றனர். பாஸ்டன் துப்பாக்கிச் சூட்டு வழக்கில், 1770 டிசம்பரில், பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வாதாடியபோது அவர் அதை எடுத்தாண்டது மெய்தான். ஆனால் 1749இல் வெளியான ஸ்மாலெட்டின் 'ஜில் பிளாஸ்' மொழிபெயர்ப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அந்த வழக்கில் எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலையாயினர். சாட்சிகளை விசாரித்தே ஆகவேண்டிய மன்றம் ஒன்று அங்கே இருந்தது. உண்மைக்குப் பிடிவாதம் தந்தது அந்த மன்றம்தான் என்பது என் வாதம். மன்றம் இல்லாதபோது வதந்தியே பிடிவாதம் பிடிக்கும். அந்தமான் இதற்குச் சான்று.

9ஆம் நூற்றாண்டு அரபு வணிகக் குறிப்புகள் அந்தமானியரை நரமாமிசம் தின்போர் என்றன. மார்க்கோ போலோ அவர்களுக்கு நாய்முகமும் சேர்த்துக் கொடுத்தார். தமிழும் இதற்கு விலக்கன்று. மணிமேகலையின் ஆதிரை கதையில், கலம் உடைந்து கரையேறும் சாதுவன் நக்கசாரணரான நாகரிடம் சிக்குகிறான். அவர்களும் மனிதரைத் தின்பவர்களே. (அந்த இடத்தை நிக்கோபாரோடு பொருத்துவோர் உண்டு, எனக்கு அதில் உறுதியில்லை.) ஆனால் காப்பியம் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறது. சாதுவனுக்கு அவர்கள் பாஷை தெரியும். அதனால் உயிர் பிழைக்கிறான்; அவர்கள் தலைவனோடு அறம் பற்றி வாதிடவும் செய்கிறான். அதே வேளையில் புகாரில், தப்பி வந்தவர்கள் சொன்னதை நம்பி, அவன் இறந்தான் என்றே மனைவி ஆதிரை தீப்புகத் துணிகிறாள்.

அந்தமானிலோ, சாதுவனைப் போல அங்குள்ளோர் பாஷையைக் கற்றவர் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1858இல் போர்ட் பிளேரில் கைதிக் குடியிருப்பு அமைந்த பிறகு, அங்கே பணியாற்றிய அதிகாரி ஈ. எச். மேன் பழங்குடியினரின் மொழியைக் கற்று, 1883இல் தம் ஆய்வை வெளியிட்டார். நரமாமிசப் பழக்கத்துக்கு ஆதாரமே இல்லை என்றார். இறந்த உறவினரின் மண்டையோட்டையும் தாடையெலும்பையும் துக்கத்தின் அடையாளமாகக் கழுத்தில் அணிவது அவர்கள் வழக்கம். கப்பலிலிருந்து எட்டிப் பார்த்தவனுக்கு அது விருந்தின் மிச்சமாகத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்.

அச்சேறிய பின்னும் உண்மை வென்றுவிடவில்லை. ஏழே ஆண்டுகளில், 1890இல், கோனன் டாயில் தம் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் டோங்கா என்னும் அந்தமானியனைப் படைத்தார். அவன் இனத்தார் மனிதரைத் தின்பவர்கள் என்பதை ஹோம்ஸ் ஓர் இடப்பெயர் அகராதியிலிருந்து வாசித்துக் காட்டுகிறார். 'நூலில் இருக்கிறது' என்பதே அங்கே சாட்சியமாகிவிடுகிறது. 2006இல் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் இரு மீனவர் கொல்லப்பட்டபோது, உடல்கள் மணலில் ஆழமின்றிப் புதைக்கப்பட்டிருந்தன. ஆயினும் பழைய பேச்சு ஓயவில்லை.

மறுத்துப் பேசியிருக்கவேண்டியவர்களோ குறைந்துகொண்டே போனார்கள். மேன் எழுதுவதற்கு முன்பே, 1877இல், தட்டம்மை பரவி அந்தமானியர் பலரைக் கொன்றிருந்தது. 1961 கணக்கெடுப்பில் அவர்களுள் பெரிய அந்தமானியர் எனப்படும் பிரிவினர் 19 பேர்.