ஷாம்பூ: அமுக்கியதும் அலசியதும்

ஆங்கிலத்தில் 'ஷாம்பூ' முதலில் ஒரு வினைச்சொல். பாட்டிலில் அடைத்து விற்கிற பொருள் என்ற அர்த்தம் அதற்கு வந்துசேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1762-இல் அச்சில் தலைகாட்டியபோது அதற்கும் தலைமுடிக்கும் சம்பந்தமே கிடையாது. உடம்பு பிடித்துவிடுவது என்றுதான் பொருள். இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அமுக்குவது, பிசைவது. 'சாம்போ' என்றால் 'அமுக்கு'. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்த ஏவலையே வேலையின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். குப்புறப் படுத்திருக்கும் துரைக்கு இலக்கணம் எதற்கு?

அந்தச் சொல்லை இங்கிலாந்தில் ஊரறியச் செய்தவர் பாட்னாவில் 1759-இல் பிறந்த சேக் தீன் முகமது. கம்பெனியின் வங்காளப் படையில் இருந்தவர். அந்தப் படையின் கேப்டன் பேக்கரோடு அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போய், அங்கேயே ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணை மணந்துகொண்டார். 1794-இல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் அது. 1810-இல் லண்டனில் ஹூக்காவும் இந்தியச் சாப்பாடும் கிடைக்கிற 'ஹிந்தோஸ்தானி காஃபி ஹவுஸ்' திறந்தார். இரண்டே வருடத்தில் திவால்.

ஐம்பது வயதைத் தாண்டி, கையில் காசில்லாமல், பிரைட்டன் கடற்கரைக்குக் குடிபோனவருக்கு அமுக்குகிற வேலைதான் கைகொடுத்தது. மூலிகை போட்ட ஆவியில் நோயாளியை வியர்க்க வைப்பார்கள். பிறகு சுற்றிலும் ஃபிளானல் துணியால் ஒரு சின்னக் கூடாரம். அதில் சட்டைக்கு இருப்பதுபோலக் கைகள் தைத்திருக்கும். வெளியே நிற்பவர் அவற்றுக்குள் தன் கைகளை நுழைத்து, உள்ளே இருப்பவரின் மூட்டுகளைப் பிசைவார். நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்து கால் அமுக்கிவிடுகிற வேலைக்கு இத்தனை ஜோடனை! ஆனால் முடக்குவாதக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களை அவர் குளியல்கூடத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்; அதைவிட நல்ல விளம்பரம் ஏது? 1822-இல் இந்தச் சிகிச்சையைப் பற்றி நூல் எழுதினார். நான்காம் ஜார்ஜுக்கும் அடுத்து வந்த நான்காம் வில்லியத்துக்கும் அரச 'ஷாம்பூயிங் சர்ஜன்' அவர்தான். ஏவலாக இருந்த சொல், சர்ஜன் பதவிவரை ஏறிவிட்டது.

1851-இல் அவர் காலமானார். அதன்பின் பொருள் மாறத் தொடங்கியது. தலையில் சோப்பு நுரை போட்டு விரலால் பிசைந்து கழுவுவதை 1860-களில் 'ஷாம்பூ' என்றார்கள். கொஞ்ச காலத்தில் பிரெஞ்சிலிருந்து 'மஸாஜ்' வந்து உடம்புப்பிடி வேலையைத் தனதாக்கிக்கொள்ள, 'ஷாம்பூ'வுக்குத் தலை மட்டும்தான் மிஞ்சியது. பிறகு கழுவும் சரக்குக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெர்லினில் மருந்துக்கடை வைத்திருந்த ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்காஃப் 1903-இல் ஷாம்பூத் தூளைச் சின்னப் பொட்டலங்களாக விற்றார். விலை 20 ஃபெனிக். வட இந்தியாவில் தங்கிவிட்ட உடன்பிறப்பு 'சம்பி' மட்டும் தொழிலை மாற்றவில்லை. 1957-இல் வந்த 'பியாசா' படத்தில் ஜானி வாக்கர் எண்ணெய்ப் புட்டியோடு கூவித் திரிவது அதைத்தான்.

சொல் தமிழ்நாட்டுக்கு வந்தபோது பொருளாகவே வந்தது. சீயக்காயும் அரப்பும் இருந்த வீடுகளில் பாட்டில் ஷாம்பூ வசதிக்காரர் சமாச்சாரம். அதைப் பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்தது கடலூர். அந்த ஊர்க்காரர் சின்னி கிருஷ்ணன் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைத் தொடங்கிவைத்தார்; மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பூவை ஆரம்பித்தார். வாங்கி, பல்லால் கடித்துக் கிழித்து, ஒரே குளியலில் தீர்த்துவிடலாம்.

ஆங்கிலேயர் இன்றும் இதை வினையாக வைத்து நாயை, காரை, கம்பளத்தைக்கூட 'ஷாம்பூ' செய்கிறார்கள். நமக்கு அது பெயர்ச்சொல்தான். வேலையைச் செய்ய ஒரு 'போடு' வேண்டியிருக்கிறது.