கண்டத்துக்கு ஓர் எண்

2019 ஜூலை முதல் தேதி உலக வங்கி வெளியிட்ட பட்டியலில் இலங்கை ஒரு படி ஏறியது. அதுவரை கீழ்நடுத்தர வருமான நாடாக இருந்தது மேல்நடுத்தர வருமான நாடாயிற்று. சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஜூலை முதல் தேதி, ஏறிய படியிலிருந்து இறங்கியது. ஏறியபோது அதன் தலா தேசிய வருமானம் 4,060 டாலர். தாண்ட வேண்டிய கோடு 3,995. இறங்கியபோது வருமானம் 4,020. கோடோ 4,045-க்கு நகர்ந்திருந்தது. கோட்டைவிட ஆளுக்கு 25 டாலர் குறைந்ததில் ஒரு நாட்டின் பெயர்ப்பலகை மாறிவிட்டது. யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் காய் விற்றவரும் நுவரெலியாவில் கொழுந்து பறித்தவரும் தாங்கள் மேலே போனதையும் கீழே வந்ததையும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு நாட்டை ஓர் எண்ணால் குறிப்பதே இவ்வளவு வழுக்கலான வேலை. பள்ளிக்கூட அட்லஸ் இதையும் தாண்டி, கண்டத்துக்கே ஒரு வண்ணம் பூசிவிடுகிறது. ஐரோப்பா செழிப்பு, ஆப்பிரிக்கா வறுமை, ஆசியா நடுவில் எங்கோ. மொத்தத்தில் பொய்யில்லை. ஆனால் அந்த வண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பிடித்து உலுக்கினால் பல சங்கதிகள் உதிரும். உலுக்குவதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம், கால்மானம் என்று பிளஸ் டூ மாணவர் படிக்கும் விவரணப் புள்ளியியலே போதும்.

ஆசியாவிலிருந்து ஏழு நாடுகளை எடுத்துக்கொள்ளலாம். 2023-க்கான தலா உள்நாட்டு உற்பத்தி, நூறு டாலருக்கு முழுமையாக்கிச் சொன்னால்: நேபாளம் 1,300, இந்தியா 2,500, வியட்நாம் 4,300, தாய்லாந்து 7,200, சீனா 12,600, ஜப்பான் 33,800, சிங்கப்பூர் 84,700. கூட்டி ஏழால் வகுத்தால் சராசரி சுமார் 20,900 டாலர். ஏழில் எந்த நாடும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஐந்து நாடுகள் வெகு கீழே, இரண்டு வெகு மேலே. வரிசையின் நடுவில் நிற்கும் தாய்லாந்தின் 7,200-தான் இடைநிலை. அது சராசரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

திட்டவிலக்கம் போட்டுப் பார்த்தால் வேடிக்கை கூடும். விடை 28,000 டாலர். சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கம் கீழே இறங்கினால் தலா வருமானம் மைனஸ் ஏழாயிரத்துச் சொச்சம்! மணி வடிவ வளைவை மனத்தில் வைத்துச் செய்த கருவியை, வலப்பக்கம் நீளமாக வால் இழுக்கும் வருமானத் தரவின் மேல் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் இப்படித்தான் ஆகும். இத்தகைய தரவுக்குப் பெருக்குச் சராசரி ஓரளவு பொருந்தும். இந்த ஏழுக்கு அது சுமார் 8,650. தாய்லாந்துக்குச் சற்று மேலே வந்து உட்காருகிறது.

இனி இரண்டு கண்டங்களை எதிரெதிரே வைக்கலாம். ஐரோப்பிய நாடுகளின் தலா உற்பத்தியை வரிசைப்படுத்தினால் இடைநிலை முப்பதாயிரம் டாலரைச் சுற்றி விழும். ஆப்பிரிக்காவின் 54 நாடுகளுக்கு அது இரண்டாயிரத்துக்கும் கீழே. இந்த இடைவெளி எல்லோருக்கும் தெரிந்ததே. எந்தக் கண்டத்துக்குள் ஏற்றத்தாழ்வு அதிகம் என்ற கேள்வியில்தான் கருவிகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. டாலரில் அளந்தால் ஐரோப்பாவில்தான் பரவல் அதிகம்: மொனாக்கோ, லீச்டென்ஸ்டைன் போன்ற குறுநாடுகளை விட்டாலும், ஒரு முனையில் உக்ரைனின் சுமார் 5,000, மறுமுனையில் லக்சம்பர்க்கின் 1,28,000. நடுவில் கிடக்கும் லட்சத்துச் சொச்சம் டாலர் வீச்சு ஆப்பிரிக்காவில் நினைத்துப்பார்க்க முடியாதது. ஆனால் மடங்கில் அளந்தால் லக்சம்பர்க் உக்ரைனைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு. இருநூறு டாலரைச் சுற்றி நிற்கும் புருண்டியையும் பதினேழாயிரத்தைத் தாண்டிய செஷல்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்பது மடங்குக்கும் மேல்! டாலர் வித்தியாசத்தைப் பார்க்கிறவர் ஐரோப்பாவைக் கைகாட்டுவார். விகிதத்தைப் பார்க்கிறவர் ஆப்பிரிக்காவை. பசித்தவன் வயிற்றுக்கு விகிதம்தான் நெருக்கம் என்று இக்கட்டுரை கருதுகிறது. மாறுபாட்டுக் கெழு என்ற அளவை, திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பெறுவது, அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

படம் வரைவோருக்கும் இதே தலைவலி. அமெரிக்கப் புள்ளியியலர் ஜான் டூக்கி 1977-இல் எழுதிய நூலால் பரவலான பெட்டி வரைபடம், கண்டங்களை ஒப்பிடக் கச்சிதமான கருவி. நடு ஐம்பது சதவீத நாடுகள் பெட்டிக்குள், இடைநிலைக்கு ஒரு கோடு, இருபுறமும் மீசை, மீசைக்கும் அப்பால் தனித்து நிற்பவை புள்ளிகள். சாதாரண அளவுகோலில் ஐந்து கண்டங்களுக்கும் வரைந்தால் ஐரோப்பாவின் பெட்டி பெரிதாக நிமிர்ந்து நிற்க, மொனாக்கோவும் லீச்டென்ஸ்டைனும் உச்சியில் புள்ளிகளாக மிதக்க, ஆப்பிரிக்காவின் பெட்டி அடிக்கோட்டோடு ஒட்டிய தட்டையான பட்டையாகிவிடும். செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு மாற்றினால் அந்தப் பட்டை விரிந்து, உள்ளே நாடுகள் தெரியத் தொடங்கும். சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் தம் புகழ்பெற்ற குமிழிப் படங்களில் வருமான அச்சை மடக்கையிலேயே வைத்திருந்தார். ஆயிரம் இரண்டாயிரமாவதும் பத்தாயிரம் இருபதாயிரமாவதும் அங்கே ஒரே நீளம். 1972-இல் பெங்களூரில் பொதுச் சுகாதாரம் படித்தவர் அவர். மேற்கு, மற்றவை என்ற இரண்டே பெட்டிகளில் உலகை அடைப்பதை எதிர்த்தே கடைசிவரை பேசினார்.

இதுவரை போட்ட கணக்கிலெல்லாம் நாட்டுக்கு ஓர் ஓட்டு. அறுபது லட்சம் பேர் வாழும் சிங்கப்பூருக்கும் 140 கோடியைத் தாண்டிய இந்தியாவுக்கும் ஒரே எடை. ஆளுக்கு ஓர் ஓட்டு என்று மாற்றி, முன்பு சொன்ன ஏழு ஆசிய நாடுகளை மக்கள்தொகையால் எடையிட்டால் சராசரி 20,900-லிருந்து சுமார் 8,500-க்கு இறங்குகிறது. சிங்கப்பூரை விலக்கிவிட்டு எளிய சராசரி கண்டால் அது பாதியாகச் சரிந்து 10,300 ஆகும்; எடையிட்ட சராசரியோ நூற்றைம்பது டாலர்கூடக் குறையாது.

ஓசியானியாவில் நேர்மாறு. ஐ.நா. உறுப்பு நாடுகள் 14; அவற்றில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தவிர மற்றவை பெரும்பாலும் பசிபிக்கில் தெளித்த சிறு தீவுகள். நாட்டுக்கு ஓர் ஓட்டு என்றால் இடைநிலை ஐயாயிரம் டாலரைச் சுற்றி வரும். எளிய சராசரி பதின்மூவாயிரம் அளவில். ஆளுக்கு ஓர் ஓட்டு என்றாலோ நாற்பதாயிரத்துக்கும் மேல், ஏனென்றால் கண்டத்து மக்களில் மூன்றில் இருவர் அந்த இரண்டு பெரிய நாடுகளில் இருக்கிறார்கள். மூன்றும் சரியான கணக்கு. கிரிபாத்தியின் மீனவருக்கும் சிட்னியின் வங்கி ஊழியருக்கும் கண்டம் ஒன்றே என்பதைத்தான் அவற்றில் எதனாலும் சொல்ல முடியவில்லை.

பொருளியலர் பிராங்கோ மிலனோவிச் இந்த வேறுபாட்டை அழுத்தமாகப் பிரித்துக் காட்டினார். 1980-க்கும் 2000-க்கும் இடையில் நாடுகளைச் சமமாக எண்ணினால் உலக ஏற்றத்தாழ்வு கூடியது. மக்கள்தொகையால் எடையிட்டால் குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றது பெரும்பாலும் சீனாவின் வளர்ச்சி. மூன்றாவதாக, நாட்டு எல்லைகளை மறந்து தனிமனிதர்களை எண்ணுவது. அதற்குத் தலா வருமானம் உதவாது, வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு வேண்டும். ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 0.63-ஐத் தொட்ட தென்னாப்பிரிக்காவில் நாட்டுச் சராசரி யாருடைய வருமானம்?

சரி, எண்ணும் முறை ஒருபுறம். எண்ணப்படும் பொருள் என்ன? லக்சம்பர்க்கின் மக்கள்தொகை ஆறரை லட்சத்தைச் சற்றே தாண்டும். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் எல்லை தாண்டி வேலைக்கு வருவோர் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்கள் உழைத்து ஆக்கியது தொகுதியில் சேரும். மாலையில் வீடு திரும்பிவிடுவதால் அவர்கள் தலை பகுதியில் சேராது. உலகின் உச்ச எண்களில் ஒன்று இப்படிக் கொஞ்சம் ரயிலேறி வந்த எண்.

அயர்லாந்தின் கதை இன்னும் ருசியானது. 2015-இல் அந்நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவிப்பு வந்தது. டப்ளினில் திடீரென்று தொழிற்சாலைகள் முளைத்துவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளை வரி காரணமாக அயர்லாந்துக் கணக்கேட்டுக்கு மாற்றியிருந்தன. பொருளியலர் பால் குருக்மன் இதற்கு அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளின் குறும்புக் குள்ளன் பெயரைச் சூட்டிக் கேலி செய்தார். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் நாணயமாக நடந்துகொண்டது: திருத்திய தேசிய வருமானம் என்று புதியதோர் அளவை 2017-இல் கொண்டுவந்தது. அண்மை ஆண்டுகளில் அது உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்குகூட இல்லை.

தென் அமெரிக்காவில் கயானா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிப் போன, இன்று எட்டு லட்சம் பேர் வாழும் நாடு. 2019 இறுதியில் அதன் கடற்பரப்பில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2022-இல் மட்டும் பொருளாதாரம் அறுபது சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் தலா உற்பத்தியில் பிரேசிலைத் தாண்டிவிட்டது. எண்ணெய் வருவாயில் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கைக் கழித்தால் படம் வேறு. நாட்டுக்கு ஓர் ஓட்டு என்று எண்ணுகிறவரின் ஏட்டில் இந்தச் சிறு நாடு ஒரு கண்டத்தின் சராசரியையே தள்ளிவிடும்.

எண்ணெயும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம், கணக்கரின் பேனாவே ஒரு நாட்டை உயர்த்திவிடலாம். 2010 நவம்பரில் கானா தன் அடிப்படை ஆண்டைப் புதுப்பித்தது. பொருளாதாரம் 60 சதவீதம் பெரிதாயிற்று. 2014 ஏப்ரலில் நைஜீரியா 1990 என்ற அடிப்படை ஆண்டை 2010-க்கு மாற்றியபோது உற்பத்தி 89 சதவீதம் கூடியது. தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் முதல் பொருளாதாரம் என்று பெயர் வாங்கியது. கைப்பேசியும் நாலிவுட் சினிமாவும் பழைய கணக்கில் சரியாக ஏறாமலே வளர்ந்திருந்தன. லாகோசில் அன்று யாருடைய சட்டைப்பையிலும் ஒரு நைரா கூடவில்லை.

எண்ணை இன்னோர் எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் பேசும் என்பதை முன்பே உணர்ந்தவர் தாதாபாய் நௌரோஜி. 1867-68-க்கு இந்தியரின் தலா வருமானம் 20 ரூபாய் என்று கணித்தார். அதோடு விடாமல், சிறைக் கைதி ஒருவனின் சோற்றுக்கும் துணிக்கும் அரசாங்கம் செலவிடும் தொகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெளியே உழைக்கும் குடியானவனின் வருமானம் உள்ளே அடைபட்டவனின் செலவுக்கே எட்டவில்லை. இன்றைய வாங்கும் திறன் சமநிலைக் கணக்கின் விதை இதில் இருக்கிறது: கையில் எவ்வளவு என்பதோடு, அதற்கு அங்கே என்ன கிடைக்கும் என்றும் கேட்பது. ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 1968-இல் தொடங்கிய பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் அரிசி, வாடகை, முடிவெட்டும் கூலி என்று விலைகளைத் திரட்டி இதைச் செய்கிறது. ஒரே கத்தரி, ஒரே அரைமணி நேரம். ஜூரிக்கில் வாங்கும் கூலிக்கும் திருநெல்வேலியில் வாங்கும் கூலிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இந்தக் கண்ணாடியில் இந்தியாவின் தலா எண் மூன்றரை, நான்கு மடங்காகப் பெரிதாகும். சுவிட்சர்லாந்தின் எண் சுருங்கும். கண்டங்களுக்கு இடையிலான பள்ளம் மூடாது, ஆழம் குறையும்.

கடைசியாக, கணக்கிலேயே வராதவர்கள். உலக வங்கியின் அட்டவணையில் விவரம் இல்லாத கட்டத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் இருக்கும். வெனிசுவேலாவின் வரிசையில் 2014-க்குப் பிறகு அந்தப் புள்ளிகள்தான். எரித்திரியாவுக்கு 2011-க்குப் பிறகு. வட கொரியாவுக்கு எந்த ஆண்டிலும் எண் இல்லை. பெட்டி வரைபடம் போடும் கணினி நிரல் இத்தகைய வரிசைகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு மிச்சத்தை வரைந்து கொடுக்கும். அப்படித் தள்ளப்படுவோரில் வெனிசுவேலாவும் வட கொரியாவும் சேர்ந்தாலே ஐந்து கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தத்தம் கண்டத்துப் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள்.